சில்லறைக் குறைகள்

பொருளொன்றின் விலை அதை வாங்கிய நாளோடு தீர்ந்துவிடுகிறது என்று நம்புவோர், பாவித்த வாகனமொன்றை வாங்கிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. நாம் வாங்கிப் பார்த்தோம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் இழுப்புச் செல்லக்கூடிய பழைய யப்பானிய ஜீப்பு ஒன்று எமது வீட்டு வாசலில் வந்து நின்றது. அதைச் செய்த கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதை உருவாக்கிய தொழிலாளர் தமது வேலையைச் செவ்வனே செய்திருந்தனர். அதன் பிறகு அதற்கு நேர்ந்தவையும், அவற்றால் எமக்கு நேர்ந்தவையுமே இங்கு சொல்லப்படுவன.

ஆசிரியன் ஒருவனுக்கு ஜீப்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. எமது பாடசாலையின் ஓய்வறையிலேயே அது முதலில் எழுந்தது. "என்ன சேர், அடுத்த எலக்ஷனுக்கு ஆயத்தமோ?" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். இந்நாட்டில் அத்தகைய வாகனம் எதற்குச் சின்னமாகிவிட்டது என்பதை அந்தச் சிரிப்பே சொல்லிற்று. கண்ணாடி கறுத்த ஜீப்புகள் முன்னும் பின்னும் ஓட அதிகாரத்தில் உள்ள ஒருவர் வருகிறார் என்றால், வீதியோரத்தில் ஒதுங்கி நிற்பது எமது மக்கள் நெடுங்காலம் செய்து பழகிய உடற்பயிற்சி.

எமது காரணம் வேறு. நாம் குடியிருப்பது கண்டி நகரின் ஓரத்தில். கற்பிப்பதோ கலஹாவுக்கு அப்பால் மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்துப் பாடசாலையில். பேராதனையிலிருந்து மேலேறும் பஸ் எம்மை ஒரு சந்தியில் இறக்கிவிடும். அங்கே தார் முடிகிறது. அதற்கு மேல் ஐந்து கிலோமீற்றர் தோட்டப்பாதை: கல்லும் சேறும், நடுவே மழைநீர் வெட்டிய பள்ளங்களும். சில ஆண்டுகள் நடந்தோம். பின்னர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். மழைக்காலத்தில் அது எம்மைச் சுமந்த நாட்களைவிட நாம் அதைச் சுமந்த நாட்களே அதிகம். உடன்வந்த ஆசிரியர் ஒருவர் சேற்றில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகு, நகரிலிருந்து அதே பாடசாலைக்குச் செல்வோர் மூவர் கூடிப் பேசினோம். வாகனத்தை நாம் வாங்குவது, டீசலுக்கு மூவரும் பணம் போடுவது என்று முடிவாயிற்று.

காலம் எமக்குச் சாதகமாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று நாடு கைவிரித்தது. அந்த ஆண்டில் எரிபொருள் வரிசைகளில் இரவு கழித்தோருக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை. தனியார் வாகனங்களுக்கு இறக்குமதிக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உலகெங்கும் உள்ள விதி இங்கே தலைகீழாயிற்று. மற்றப் பொருள்கள் பாவிக்கப் பாவிக்க விலை குறையும். எமது நாட்டில் வாகனம் மட்டும் பழையதாகப் பழையதாக விலை ஏறிற்று. வங்கிக் கடனும் இல்லாளின் அடகு வைத்த வளையல்களும் சேர்ந்து அந்த ஜீப்பாயின. விற்றவர் நகரத்து வர்த்தகர். "ஓர் ஆணி தட்டத் தேவையில்லை. நாளைக்கே யாழ்ப்பாணம் போகலாம்" என்றார். அவர் சொன்னது முழுப்பொய்யன்று. மழையில்லாத பகலில், தார்ச்சாலையில், மெதுவாக ஓட்டினால் யாழ்ப்பாணம் போயிருக்கலாம்தான். எமக்குப் போகவேண்டிய இடமோ யாழ்ப்பாணமன்று.

ஜீப்பு என்ற சொல் கண்டிக்குப் புதியதல்ல. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கொண்டுவந்து பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். அந்தப் போருக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றைப் பார்த்தே பிரித்தானியாவின் ரோவர் கம்பனி தனது லேண்ட் ரோவரை உருவாக்கி, 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைத்தது. போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. அதே 1948இல் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஓராண்டிற் பிறந்த இவ்விரண்டும் தோட்டப்பாதைகளில் எதிரெதிரே சந்தித்தன. துரையின் லேண்ட் ரோவர் மேலே ஏறும். நாடற்றவள் கொழுந்துக் கூடையோடு ஓரம் ஒதுங்குவாள். எமது மாணவர்களின் பாட்டிமார் அந்த ஓரத்தில் நின்றவர்கள். அதே பாதையில் நாம் ஜீப்பேறிச் சென்ற முதல் நாள், எதிரே வந்த முதியவள் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு வரம்பில் ஏறி நின்றாள். இறங்கி, "பாட்டி, நான் வாத்தியார்தான்" என்று சொல்லவேண்டியதாயிற்று.

முதல் வாரத்திலேயே குறைகள் தலைகாட்டின. எதுவும் பெரியதன்று. மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டினால் ஸ்டீரிங் கைக்குள் நடுங்கும். முன் சில்லு ஒன்றின் உட்புறத்தில் எண்ணெய் கசியும். குளிர்ந்த காலைகளில் எஞ்சின் ஒருமுறை பற்றி, இருமி, அணைந்து, பிறகே நிலைக்கும். மழை பெய்தால் இடப்பக்கக் கதவின் வழியே நீர் புகுந்து மாணவரின் கொப்பிக் கட்டுகளை நனைக்கும். ஹோர்ன் அடித்தால் முகப்பு விளக்கு ஒரு கணம் மங்கும். நோயாளி படுத்துவிட்டால் வைத்தியரை அழைக்கலாம்; எழுந்து நடமாடிக்கொண்டே முனகுபவருக்கு என்ன செய்வது?

தெரியாதவர்கள் செய்யும் இரண்டு தவறுகளையும் நாம் வரிசையாகச் செய்தோம். முதலில், இவை சில்லறைக் குறைகள், தாமே போய்விடும் என்று விட்டோம். அவை போகாததைக் கண்டு, பின்னர் ஆளுக்கொன்றாகச் சொன்ன பாகங்களையெல்லாம் மாற்றத் தொடங்கினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய உதிரிப்பாகங்கள் மலைபோற் குவிந்திருக்கும் கடைகளுக்கு இரண்டு தடவை பஸ்ஸேறிப் போனோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எமது மாணவியின் தாய் நாள் முழுதும் மலையில் நின்று பெறும் அந்தக் கூலி, எமது முன் சில்லின் ஒரே ஒரு எண்ணெய் சீலுக்குப் போதாது. அந்த சீலை நாம் இரண்டு தடவை மாற்றினோம். எண்ணெய் கசிந்துகொண்டேயிருந்தது.

எம்மை நெறிப்படுத்தியவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் சிறு கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் முதியவர். ஊரெல்லாம் அவரை நானா என்றே அழைக்கும். அவரிடம் தொழில் பழகும் சிங்கள இளைஞனும் நானா என்றே அழைப்பான். நாம் நீட்டிய குறைகளின் பட்டியலைக் கேட்டுவிட்டு அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை.

"சேர், புள்ளகளுக்கு மார்க்ஸ் போடக்குள்ள எல்லாப் பேப்பரையும் ஒண்டாப் பாக்கிறதா? ஒவ்வொண்டாத்தானே. இதுவும் அப்பிடித்தான். ஒரு கொப்பி வாங்குங்க. எந்தக் குற எப்ப வருது, சூட்டுலயா, குளிர்லயா, ஏத்தத்துலயா, எறக்கத்துலயா எண்டு எழுதுங்க. பொறகு ஒரு நேரத்துக்கு ஒரு சாமான மட்டும் மாத்துவோம். ரெண்ட ஒண்டா மாத்தினா, எதுனால சொகமாச்சுதெண்டு ரெண்டு பேருக்குமே வெளங்காது."

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். அதில் எழுதத் தொடங்கிய பின்னரே குறைகள் பேசத் தொடங்கின. ஸ்டீரிங்கின் நடுக்கம் தார்ச்சாலையில் மட்டும், குறித்த வேகத்தில் மட்டும் வந்தது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியபோது பாதி குறைந்தது. ஆகவே பாதிக்குற்றம் ஒருபக்கமாகத் தேய்ந்த டயருடையது. மீதிப் பாதி, முன் சில்லுகளைத் திருப்பும் தண்டின் முனையில் தேய்ந்து ஆடிய ஒரு குமிழினுடையது. காலை இருமலோ இரவு முழுதும் நிறுத்திவைத்த பின் மட்டும் வந்தது. தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சிவரும் றப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. உறிஞ்சும் பக்கமாதலால் அதன் வழியே எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே நுழையும். இரவில் குழாயிலிருந்த டீசல் தாங்கிக்குத் திரும்ப, காலையில் எஞ்சின் காற்றைக் குடித்து இருமிற்று. நான்கு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்று அந்த நோயைத் தீர்த்தது.

எண்ணெய்க் கசிவின் கதை இன்னும் பாடமானது. மூன்றாம் தடவை நானா சீலைத் தொடவேயில்லை. வண்டிக்கு அடியிற் படுத்து, முன் அச்சின் உறைமேல் விரலால் தடவித் தேடி, குண்டூசித் தலையளவு துவாரமுள்ள ஒரு சிறு மூடியைக் கண்டுபிடித்தார். அது அச்சின் மூச்சுத் துவாரம். வண்டி ஓடும்போது உள்ளே எண்ணெயும் காற்றும் சூடேறி விரியும். விரிந்த காற்று அந்தத் துவாரத்தால் வெளியேறவேண்டும். எத்தனையோ ஆண்டுகளாகக் காய்ந்த சேறு அதை அடைத்திருந்தது. வழியில்லாத காற்று எண்ணெயைத் தள்ள, எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. துவாரத்தைத் துப்புரவு செய்து சீலையும் மாற்றிய பின் இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை. நாம் இரண்டு தடவை தண்டித்த சீல் குற்றவாளியன்று. அது வெறும் சாட்சி. வெளியேற வழியற்ற அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும் என்பது இரும்புக்கு மட்டும் உரிய விதியுமன்று.

ஆனால் எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. அந்த வருடம் மே மாதத்து மழையில், பாதையின் செங்குத்தான வளைவொன்றில் பின் சில்லுகள் வீணே சுழன்றன. இதற்காகத்தானே வாங்கினோம் என்று இறங்கி, முன் சில்லுகளின் நடுவே உள்ள பூட்டுகளைத் திருப்பினோம். அவை அசையவில்லை. நான்கு சில்லுக்கான நெம்பும் அசையவில்லை. இவ்வகை வாகனம் வழமையாகப் பின் சில்லுகளால் மட்டுமே ஓடும். நெம்பைப் போட்டுப் பூட்டுகளையும் திருப்பினால்தான் முன் சில்லுகளுக்கு இழுப்புச் செல்லும். அதையும் காய்ந்த தார்ச்சாலையில் பாவித்தலாகாது. வளைவில் முன் சில்லுகள் செல்லும் தூரம் பின் சில்லுகள் செல்லும் தூரத்தைவிடக் கூடியது. இரண்டு அச்சுகளையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் அந்த வேறுபாடு சேற்றிலாயின் சறுக்கிக் கழியும். தாரிலாயின் பற்சில்லுகளை முறுக்கும். இதையெல்லாம் நாம் படித்து அறிந்திருந்தோம். படித்ததைச் செய்யத்தான் இயலவில்லை.

நானா பூட்டுகளைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிறீஸ் சவர்க்காரம் போல் இறுகி, துருவோடு ஒன்றாகியிருந்தது. "இருவது வருஷமா இதுல ஒரு கையும் பட்டதில்ல சேர்" என்றார்.

பதிவுப் புத்தகத்தில் எமக்கு முன் நால்வரின் பெயர்கள் இருந்தன. அந்த நால்வரில் ஒருவருக்கேனும் இந்த வாகனம் எதற்காகப் படைக்கப்பட்டதோ அது தேவைப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அதன் உயரமும் தோற்றமுமே. மலையேறும் ஆற்றல், ஏற மலையில்லாதவர்களின் கொட்டகைகளில் இருபது ஆண்டு துருவேறிக் கிடந்தது. அந்த இருபது ஆண்டும் இந்தத் தோட்டப்பாதையில் நோயாளிகள் கம்பளியில் கட்டித் தூக்கிச் செல்லப்பட்டனர். தேவையுள்ளவர் கைக்கு அது வந்துசேர்ந்தபோது, அதற்கென்றே பிறந்த அந்த ஒரு வேலையை மட்டும் அது மறந்திருந்தது.

பேராதனையில் தமிழ் பயின்ற நாட்களில் ஏட்டுச் சுவடிகளைப் பற்றிக் கேட்டவை அப்போது நினைவுக்கு வந்தன. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் எதிர்கொண்ட இடர் இத்தகையதே. சுவடியைப் படியெடுத்த ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு பிழையைச் சேர்த்திருப்பான். விளங்காத இடத்தில் விளங்கியதுபோல் ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியிருப்பான். எஞ்சியதை இராமபாணம் அரித்திருக்கும். எமது ஜீப்பும் அத்தகைய சுவடிதான். தாங்கியின் வெடிப்பில் அடைத்திருந்த சவர்க்காரத் துண்டு ஒருவரின் கைவண்ணம். விளக்குக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிய கறுப்பு நாடா இன்னொருவருடையது. ஒருவரும் குறையைத் தீர்க்கவில்லை. தம் கையில் உள்ளவரை அது முனகாதிருந்தாற் போதும் என்று வாயை அடைத்து, அடுத்தவரிடம் தள்ளிவிட்டனர். ஐந்தாவதாக வந்த எமது கையில் எல்லா முனகல்களும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன.

அவர்களைக் குறைகூறும் உரிமை எமக்கு நெடுநாள் நிலைக்கவில்லை.

ஒக்டோபருக்குள் கொப்பியிலிருந்த குறைகளுள் ஒன்றைத் தவிர அனைத்துக்கும் எதிரே 'தீர்ந்தது' என்று எழுதிவிட்டோம். எஞ்சியது: 'ஹோர்ன் அடித்தால் விளக்கு மங்குகிறது.' அதற்கு எதிரே 'பிறகு' என்று எழுதியிருந்தோம். கடன் தவணை நெருக்கிற்று, பரீட்சைத்தாள்களும் குவிந்திருந்தன, விளக்கு மங்கினால் என்ன, அணையவில்லையே என்பது எமது நியாயம். இரண்டு வாரம் சென்றது. சாதாரண தர மாணவருக்கு மாலை வகுப்பு நடத்திய ஒருநாள் இடி மழை பிடித்துக்கொள்ள, பாடசாலையை ஒட்டிய ஆசிரியர் விடுதியிலேயே தங்கினோம். இரவு ஒன்பது மணியளவில் கதவு தட்டப்பட்டது. லயத்திலிருந்து எமது மாணவன் ஒருவனின் தகப்பன் வந்திருந்தார். மூத்த மகளுக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டுவிட்டது.

"சேர், ஒங்க ஜீப்பு இருக்குன்னு சொன்னாங்க."

சாவியைத் திருப்பினோம். 'டக்' என்ற ஓர் ஓசை. அத்தோடு விளக்குகளும் அணைந்தன. மீண்டும் திருப்பினோம், அந்த ஓசையும் இல்லை. தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. மழையில் ஒதுங்குவதற்காக வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தியிருந்தோம். 2016இல் தொடங்கிய 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற இலக்கத்தில் அழைத்தோம். வருவதாக உடனே சொன்னார்கள்; ஆனால் அந்த மழையில் அந்த வண்டி தார் முடியும் சந்தி வரைதான் வரமுடியும். அது அவர்களின் குறையன்று. ஏறிவர ஒரு பாதை வேண்டுமே.

தகப்பன் எம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. இருட்டில் தொழிற்சாலைப் பக்கம் ஓடினார். சற்று நேரத்தில் கொழுந்து லொறி உறுமிக்கொண்டு வந்தது. எமது ஜீப்பைவிட வயதில் மூத்த லொறி. அதற்கு நான்கு சில்லு இழுப்பும் கிடையாது. பின் சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றியிருந்தார் சாரதி. கொழுந்துச் சாக்குகளை விரித்து, அதன்மேல் அந்தப் பெண்ணைக் கிடத்தி, பெண்கள் இருவர் பிடித்துக்கொள்ள, ஐந்து கிலோமீற்றரும் ஊர்ந்து இறங்கிற்று. சந்தியில் அம்புலன்ஸ் காத்து நின்றது. விடியுமுன் பேராதனை வைத்தியசாலையில் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் நலம். மறுநாள் தகப்பன் வந்து எமக்கு நன்றி சொன்னார். தொலைபேசியில் அழைத்தது நாமாம்! அந்த நன்றியைப் போல் எம்மைச் சுட்ட சொல் வேறில்லை.

காலை வெளிச்சத்தில் குறையைக் காண ஐந்து நிமிடம் ஆயிற்று. பெற்றரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் தடித்த கம்பியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் பூத்து, ஆணி தளர்ந்திருந்தது. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அது. வழி குறுகினால் சிறு வேலைக்கு விளக்கு மங்கும். எஞ்சினைச் சுழற்றும் பெரு வேலைக்கு எல்லாமே நின்றுவிடும். இரண்டு வாரமாக அந்த விளக்கு மங்கி மங்கி எமக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்பானரால் இறுக்கினோம். செலவு ஒரு சதமுமில்லை. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தையே நாம் ஓர் உயிரின் கணக்கில் கடனாக எழுதிவைத்திருந்தோம்.

லொறிச் சாரதியைத் தேடிப் போனோம். அவர் வண்டிக்கடியில் இருந்தார். "எங்க வண்டி கெழவிங்க சேர். காலைல அஞ்சு மணிக்குத் தண்ணி, எண்ணெ, பெற்றரி, டயரு எல்லாம் பாக்காம சாவி போடமாட்டேன். கொழுந்து மலையில கெடந்தா வாடிப் போகும்ங்க. அப்புறம் தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நாம் அதைச் சாதாரணமாகக் கேட்கமுடியவில்லை. இந்த மலையில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஒரே வாகனம் கொழுந்துக்குரியது. கொழுந்து வாடினால் கணக்குக் கேட்க ஆளுண்டு. கொழுந்து பறிப்பவள் வாடினால், அந்தக் கொழுந்து வண்டியில் இடமிருந்தால் அவளும் இறங்கலாம். பாதையும் அப்படித்தான் பிறந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இதே மலைத்தொடரில், லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் பெட்டியை நகருக்கும் இறக்கவே தோட்டப்பாதைகள் வெட்டப்பட்டன. மனிதர் அதில் நடந்தது தற்செயல்.

அதன் பிறகு கைகள் மாறின. 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசின் உடைமையாயின. எழுபதுகளிலேயே தோட்டப் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்றது. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. கண்டிப் பகுதியில் சில அரசின் கையிலேயே நின்றன. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் தேயிலைச் செடிகள் எண்ணப்பட்டன. தொழிற்சாலை இயந்திரங்கள் எண்ணப்பட்டன. லயத்துக் கூரையின் ஒழுக்கும், அடைபட்ட மதகும், கரைந்த பாதையும் சில்லறைக் குறைகள் என்ற பட்டியலில் 'பிறகு' என்ற குறிப்போடு அடுத்தவர் கைக்குப் போயின. எமது ஜீப்பின் நான்கு முன்னோரும், இரண்டு வாரக் காலத்து நாமும், அந்தப் பெரிய பதிவுப் புத்தகத்தின் சிறிய படிகளே. குறை சில்லறையா பெரியதா என்பதைத் தீர்மானிப்பவர் எப்போதும் அதனால் துன்பப்படாதவராகவே இருக்கிறார். இதைத்தான் அந்த இரவு எமக்குக் கற்பித்தது.

அன்றிலிருந்து நாமும் சாரதியைப் போலவே விடியலில் மூடியைத் திறந்து பார்க்கிறோம். மாதத்தில் ஒருநாள் நெம்பைப் போட்டுச் சேற்றில் சிறிது தூரம் ஓட்டி, பூட்டுகள் இறுகாமற் பார்த்துக்கொள்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் பெருமழை மலைநாட்டைப் பிளந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் சரிவுகள் பலவற்றில் வீடுகள் மனிதரோடு புதைந்தன. மழை ஓய்ந்தபின் மாவும் பாலும் மருந்தும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் புறப்பட்டோம். ஒரு குறையும் இல்லை. நெம்பு விழுந்தது, பூட்டுகள் திரும்பின, நான்கு சில்லுகளும் ஒன்றாய் இழுத்து, மூன்று கிலோமீற்றர் சேற்றை ஏறின. நாலாவது கிலோமீற்றரில் பாதையே இருக்கவில்லை. ஒரு வளைவு முழுதும் பள்ளத்தாக்கில் இறங்கியிருந்தது. அதன் மேற்புறத்தில் மதகு ஒன்று பல ஆண்டாய் அடைபட்டுக் கிடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். நாள்தோறும் அதைக் கடந்தே சென்றோம். மறுகரையில் லயத்து இளைஞர்கள் நின்றனர். மூட்டைகளை அவர்கள் தோளில் வாங்கிச் சென்றார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த விளிம்பில் நெடுநேரம் நின்றோம். பாதை போட மறுத்த சமுதாயத்துக்கு, ஆளுக்கொரு ஜீப்பு விடையன்று. நான்கு சில்லும் சுழல நிலம் வேண்டும். அந்த நிலத்தை ஓர் ஆசிரியன் அடகுக் கடனில் வாங்கமுடியாது.

தவணை ஆரம்பித்ததும் இன்னொரு எண்பது பக்கக் கொப்பி வாங்கினோம். பத்தாம் வகுப்பு மாணவர் அந்த ஐந்து கிலோமீற்றரையும் நடந்து அளந்தார்கள். எந்த மதகு அடைபட்டது, எந்த இடத்தில் நீர் குறுக்கே பாய்கிறது, மழையிலா வெயிலிலா, எத்தனை அடி அகலம் என்று நானா சொல்லித்தந்த முறைப்படியே எழுதினார்கள். அதன் பிரதிகள் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் தொழிற்சங்கங்களுக்கும் போயிருக்கின்றன. பெற்றோரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கொப்பியின் கடைசி நிரலில் யார், எந்தத் திகதியில் என்ன பதில் சொன்னார் என்று எழுத இடம் விட்டிருக்கிறது. பதில் வராத திகதிகளையும் மாணவர் எழுதிவருகிறார்கள். அந்த நிரலில் ஒரு சொல்லை மட்டும் எவரும் எழுதக்கூடாதென்று அவர்களே விதி வகுத்திருக்கிறார்கள். அந்தச் சொல் 'பிறகு'.